ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிக்கொண்டால் விவாகரத்து ஆகிவிடுமா?

கேள்வி: எனக்கு 33 வயது. சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். 2014-ல் அங்கேதான் கல்யாணம் நடந்தது. அடுத்த மாதமே பெங்களூரு வந்துவிட்டோம். இப்போது கே.ஆர். புரத்தில் இருவர் பெயரிலும் வாங்கிய ஃபிளாட்டில் நானும் ஏழு வயது மகளும் இருக்கிறோம். பீன்யாவில் ஒரு கார்மெண்ட் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கணவர் சண்டை போட்டுக்கொண்டு திருநெல்வேலிக்குப் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. வீட்டுக் கடனில் அவர் பங்கை ஆறு மாதமாகக் கட்டவில்லை. கல்யாணத்துக்கு எங்கள் வீட்டில் போட்ட நகையில் பெரும்பகுதி அவர் பெயரில் அடகில் இருக்கிறது. போன வாரம் அவருடைய வக்கீலிடமிருந்து நோட்டீஸ் வந்தது. நான் கொடுமைக்காரி என்றும், 15 நாளில் விவாகரத்துக்குச் சம்மதிக்காவிட்டால் திருநெல்வேலியில் வழக்குப் போடுவார் என்றும் எழுதியிருக்கிறார்கள். இரு வீட்டுப் பெரியவர்களும், “கோர்ட் எதற்கு? நூறு ரூபாய் பத்திரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடலாம்” என்கிறார்கள். நம் குடும்பத்தில் யாரும் கோர்ட் படி ஏறியதில்லை என்று அம்மா அழுகிறாள். எனக்கும் சேர்ந்து வாழும் எண்ணம் இல்லை. ஆனால் என்ன செய்வது, எங்கே போவது என்று தெரியவில்லை. கன்னடம் பேசுவேன், எழுதப் படிக்கத் தெரியாது. வழி சொல்லுங்கள். (பெயர் வேண்டாம்)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். பெரியவர்கள் நல்ல எண்ணத்தில் சொல்லியிருந்தாலும், நோட்டரி முத்திரை குத்தியிருந்தாலும், ஊரே சாட்சிக் கையெழுத்துப் போட்டாலும் அது விவாகரத்து ஆகாது.

உங்கள் திருமணம் 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தின் கீழ் வருகிறது. அதை முறிக்கும் அதிகாரம் கோர்ட்டுக்கு மட்டும்தான். சில சமூகங்களில் வழிவழியாக வரும் வழக்கப்படி தீர்த்துக்கொள்வதைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு ஏற்கிறது. அதற்கும் அப்படி ஒரு வழக்கம் தங்கள் சமூகத்தில் நெடுங்காலமாக, விடாமல் இருந்து வருகிறது என்று கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும். பெரும்பாலும் அதை யாராலும் நிரூபிக்க முடிவதில்லை. அப்படியிருக்க, பத்திரத்தை நம்பி நாளை நீங்களோ அவரோ மறுமணம் செய்துகொண்டால் அந்தக் கல்யாணம் செல்லாது. இருதார மணக் குற்றமும் சேர்ந்துவிடும்.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது வேறொன்று. விவாகரத்துக்கு உதவாத அந்தத் தாள், உங்களுக்கு எதிரான சாட்சியமாக மட்டும் நன்றாக உதவும். இப்படிப்பட்ட பத்திரங்களில் கடைசி இரண்டு வரியைப் பாருங்கள்: “நகை, பணம், பாத்திரம் எல்லாம் பெற்றுக்கொண்டேன். இனி எனக்கோ குழந்தைக்கோ எந்தப் பாத்தியதையும் இல்லை.” பைசா கைக்கு வராமல் இந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு ஜீவனாம்சத்துக்காக என்னிடம் வந்த பெண்கள் பலர். மீட்க முடியாமல் போகவில்லை. ஆனால் தான் எழுதிக் கொடுத்ததையே தான் மறுக்க வேண்டிய நிலை. அதிலேயே வருடங்கள் ஓடிவிடும்.

பெரியவர்களை விரோதித்துக்கொள்ளவும் வேண்டாம். அவர்கள் உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வந்தால் அது உங்களுக்கு நல்லதுதான். “பேசி முடித்ததைக் கோர்ட்டில் மனுவாகப் போடுவோம், அங்கே கையெழுத்துப் போடுகிறேன்” என்று மட்டும் சொல்லுங்கள். நல்ல எண்ணம் உள்ளவர் இதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார்.

அடுத்து நோட்டீஸ். வக்கீல் நோட்டீஸ் வேறு, கோர்ட் சம்மன் வேறு. உங்களுக்கு வந்திருப்பது அவர் சார்பில் ஒரு வக்கீல் எழுதிய கடிதம், அவ்வளவுதான். 15 நாள் என்பது அவர்களாக வைத்த கெடு. அது தாண்டினால் விவாகரத்து ஆகிவிடாது, நீங்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவும் ஆகாது. இருந்தாலும் பதில் போட்டுவிடுங்கள். எப்போது வீட்டை விட்டுப் போனார், எந்த மாதத்திலிருந்து தவணை கட்டவில்லை, எந்தக் கடையில் அல்லது வங்கியில் எவ்வளவு நகை அடகில் இருக்கிறது என்பதையெல்லாம் தேதியோடு எழுதி, கொடுமைக் குற்றச்சாட்டை மறுத்து, ஒரு வக்கீல் மூலம் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். சண்டை மூண்ட பிறகு சொல்வதைவிட முதல் நாளே எழுத்தில் சொன்னதற்குக் கோர்ட்டில் மதிப்பு அதிகம். பதிலில் கோபத்தைக் கொட்டாதீர்கள். அவருடைய அம்மா, தங்கை மேல் குற்றம் அடுக்காதீர்கள். நாளைக்குச் சமரசம் பேச உட்காரும்போது அந்தக் காகிதம்தான் நடுவில் வந்து நிற்கும்.

சம்மன் வந்தால் மட்டும் ஒரு நாளும் அலட்சியம் கூடாது. வாங்க மறுத்தாலும் சேர்ந்ததாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளலாம். குறித்த வாய்தாவில் நீங்களோ உங்கள் வக்கீலோ போகாவிட்டால் ஒருதலைப்பட்சமாக வழக்கு நடந்து தீர்ப்பும் வந்துவிடும். எக்ஸ்பார்ட்டி என்கிறார்களே, அது இதுதான். அதை ரத்து செய்யக் கேட்க 30 நாள்தான் அவகாசம். சம்மன் முறையாகச் சேரவில்லை என்றால் தெரிய வந்த நாளிலிருந்து அந்த 30 நாளைக் கணக்கிடுவார்கள். பழைய வாடகை வீட்டு முகவரியைக் கொடுத்துவிட்டு, மனைவி வரவில்லை என்று தீர்ப்பு வாங்கிய வழக்குகளும் உண்டு. அதனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போனில் இ-கோர்ட்ஸ் செயலியைத் திறந்து, தமிழ்நாடு, திருநெல்வேலி மாவட்டம் என்று தேர்ந்தெடுத்து, உங்கள் பெயரையும் அவர் பெயரையும் போட்டுத் தேடிப் பாருங்கள். அங்கே இந்த வழக்குகளுக்கு எச்.எம்.ஓ.பி. என்று எண் கொடுப்பார்கள். பெங்களூரில் எம்.சி. என்பார்கள்.

சரி, வழக்கு எங்கே நடக்கும்? திருநெல்வேலியில் போடுவேன் என்று அவர் மிரட்டுவதில் பாதி உண்மை இருக்கிறது. சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, கல்யாணம் நடந்த இடத்துக் கோர்ட்டில் அவர் மனு போடலாம். அதே பிரிவு உங்களுக்கும் வழி வைத்திருக்கிறது. கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர் பெங்களூரு. மனைவி மனு போட்டால் அவள் வசிக்கும் இடத்திலேயே போடலாம் என்று 2003-ல் திருத்தமும் வந்தது. ஆகவே இரண்டு விதத்திலும் பெங்களூரு குடும்ப நீதிமன்றத்துக்கு நீங்கள் போகலாம். சித்தையா ரோட்டில் நியாய தேகுல என்ற கட்டடம் இருக்கிறதே, அங்கேதான்.

இரண்டு பேரும் இரண்டு ஊரில் விவாகரத்து மனு போட்டால், பிறகு போட்ட மனு முதலில் போட்ட கோர்ட்டுக்கு மாற வேண்டும் என்று 21ஏ பிரிவு சொல்கிறது. எனவே பேச்சுவார்த்தை முறிந்துபோவது போலத் தெரிந்தால் முந்திக்கொள்வது நல்லது. அவர் முந்திவிட்டாலும் கதை முடிந்துவிடாது. ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு வழக்கை மாற்றும் அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு இருக்கிறது. பள்ளிக்குப் போகும் குழந்தையை வைத்துக்கொண்டு, வேலையையும் விட முடியாமல், ஒவ்வொரு வாய்தாவுக்கும் ராத்திரி பஸ் ஏற முடியாது என்ற காரணத்தைப் பல வழக்குகளில் உச்ச நீதிமன்றம் ஏற்று, மனைவி இருக்கும் ஊருக்கு வழக்கை மாற்றியிருக்கிறது. டெல்லி என்றதும் பணத்துக்கு எங்கே போவேன் என்று பயப்பட வேண்டாம். அங்கேயும் இலவச சட்ட உதவிக் குழு இருக்கிறது.

இனி விவாகரத்துக்கு வருவோம். பரஸ்பர சம்மதம், அல்லது ஒருவர் மேல் ஒருவர் காரணம் காட்டிப் போராடுவது என்று இரண்டு வழிகள். இரண்டாவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கொடுமை, வேறொருவரோடு உறவு, இரண்டு வருடம் தொடர்ந்து கைவிட்டுப் போவது, மதம் மாறுவது, சேர்ந்து வாழ முடியாத அளவு தீவிரமான மனநோய் போன்ற சில காரணங்களைத்தான் 13-ஆம் பிரிவு ஏற்கிறது. உங்களைப் பொறுத்தவரை கைவிட்டுப் போனதற்கு இன்னும் இரண்டு வருடம் நிறையவில்லை. கொடுமை என்று போட்டால் சாட்சி, ஆவணம், குறுக்கு விசாரணை எல்லாம் உண்டு. மூன்று நான்கு வருடம் போவது சாதாரணம். “பிரிந்துதானே இருக்கிறோம், இனிச் சேரவே மாட்டோம், அது போதாதா?” என்று எல்லோரும் கேட்கிறார்கள். போதாது. முற்றிலும் முறிந்துபோன திருமணம் என்ற காரணத்துக்காக விவாகரத்து தர உச்ச நீதிமன்றத்துக்குத் தனி அதிகாரம் உண்டு என்று 2023-ல் அரசியல் சாசன அமர்வு சொன்னது. குடும்ப நீதிமன்றத்துக்கு அந்த அதிகாரம் கிடையாது.

உங்களுக்குப் பொருந்துவது முதல் வழி. 13பி பிரிவு. ஒரு வருடத்துக்கு மேல் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். சேர்ந்து வாழ முடியவில்லை என்று இருவரும் ஒப்புக்கொள்ள வேண்டும். சேர்ந்தே மனு போட வேண்டும். மனு போட்டு ஆறு மாதம் கழித்து, 18 மாதத்துக்குள், இருவரும் மறுபடி வந்து சம்மதத்தை உறுதி செய்ய வேண்டும். அதன் பிறகு தீர்ப்பு. அந்த ஆறு மாதக் காத்திருப்பைச் சில நிபந்தனைகளோடு கோர்ட் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மனு போடும்போதே பிரிந்து 18 மாதம் ஆகியிருக்க வேண்டும், சமரச முயற்சி பலிக்காமல் போயிருக்க வேண்டும், குழந்தை, ஜீவனாம்சம் போன்ற எல்லாவற்றிலும் நிஜமாகவே முடிவுக்கு வந்திருக்க வேண்டும். ஒன்றரை வருடம் என்று எழுதியிருக்கிறீர்கள். தேதியைச் சரியாகக் கணக்குப் பாருங்கள். நீங்கள் அந்த வரம்பில்தான் நிற்கிறீர்கள். தள்ளுபடி கேட்கத் தனி மனு வேண்டும்; கொடுப்பதும் மறுப்பதும் நீதிபதியின் விருப்பம்.

ஆனால் வேகத்தைப் பெரிதாக நினைக்காதீர்கள். இரண்டு மாதம் முன்னால் தீர்ப்பு வாங்கியதால் யாருக்கும் வாழ்க்கை மாறியதில்லை. அந்த மனுவோடு சேர்க்கும் உடன்படிக்கையில் என்ன எழுதியிருக்கிறதோ அதை வைத்துத்தான் உங்கள் மகள் கல்லூரி முடிக்கும் வரை நீங்கள் வாழப்போகிறீர்கள். எனவே உங்கள் பொறுமை முழுவதும் அந்தச் சில பக்கங்களுக்காக இருக்கட்டும்.

முதலில் நகை. உங்கள் வீட்டில் போட்டது, மாப்பிள்ளை வீட்டில் உங்களுக்கென்று போட்டது, சொந்தக்காரர்கள் உங்களுக்குக் கொடுத்த சீர் எல்லாம் ஸ்திரீதனம். அது உங்கள் சொத்து. அவர் கையில் இருந்தாலும் உங்களுக்காக வைத்திருப்பதாகத்தான் அர்த்தம் என்று 1985-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. கல்யாண ஆல்பம், நகைக்கடை பில், அடகு ரசீதின் போன் படம், எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள். ஒவ்வொரு நகையையும் பெயர், எடையோடு பட்டியல் போடுங்கள். “நகை விவகாரம் பேசித் தீர்க்கப்பட்டது” என்று ஒற்றை வரியில் எழுத விடாதீர்கள். எந்த நகை, எத்தனை சவரன், எந்தத் தேதிக்குள் மீட்டு, யார் முன்னிலையில் ஒப்படைப்பது என்று வரிக்கு வரி இருக்க வேண்டும். மீட்க முடியாது என்றால் அன்றைய தங்க விலையில் பணம் என்று எழுதுங்கள். கல்யாணம் நடந்த 2014-இன் விலையை எடுத்துக்கொண்டு வந்து பேசுவார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது ஃபிளாட். நம் சட்டத்தில் விவாகரத்து ஆனால் கணவன் சொத்தில் பாதி என்று விதி எதுவும் இல்லை. உங்கள் விஷயத்தில் பத்திரத்திலேயே உங்கள் பெயர் இருக்கிறது, அதனால் நீங்கள் சொந்தக்காரர். அவர் சொல்லி நீங்கள் வெளியேற வேண்டியதில்லை. பத்திரத்தில் பெயரே இல்லாத மனைவிக்குக்கூட, சேர்ந்து குடியிருந்த வீட்டில் தொடர்ந்து இருக்கும் உரிமையை 2005-இன் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் தருகிறது. இங்கே பலர் ஏமாறுவது கடன் விஷயத்தில்தான். “இனி கடன் முழுக்க அவர் கட்டுவார்” என்று கோர்ட்டில் எழுதிக்கொண்டாலும் அது வங்கியைக் கட்டுப்படுத்தாது. வங்கிக்கு நீங்கள் இருவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். அவர் கட்டாவிட்டால் உங்களைத்தான் கேட்பார்கள், உங்கள் சிபில் மதிப்பெண்தான் குறையும். ஃபிளாட் உங்களுக்கு என்று முடிவானால் மூன்று காரியம் நடக்க வேண்டும். அவருடைய பங்கை உங்களுக்கு விட்டுக்கொடுத்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் விடுதலைப் பத்திரம் பதிவாக வேண்டும். கடனிலிருந்து அவர் பெயரை நீக்கி, உங்கள் சம்பளத்தை மட்டும் வைத்துத் தொடர வங்கி எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். அப்புறம் காத்தா, அதாவது மாநகராட்சியின் சொத்துவரிப் பதிவு, உங்கள் பெயருக்கு மாற வேண்டும். உங்கள் சம்பளத்துக்கு வங்கி சம்மதிக்காது என்றால், விற்றுக் கடனை அடைத்து மீதியைப் பிரித்துக்கொள்வதுதான் நிம்மதி. உடன்படிக்கையில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே வங்கி மேனேஜரைப் பார்த்துக் கேட்டுவிடுங்கள். அந்த ஆறு மாதத் தவணைப் பாக்கி யார் பொறுப்பு என்பதும் எழுத்தில் வரட்டும்.

மகள். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை சாதாரணமாகத் தாயிடம் என்று சட்டம் சொல்கிறது. உங்கள் மகள் அந்த வயதைத் தாண்டிவிட்டாள். இப்போது கோர்ட் பார்ப்பது குழந்தையின் நலனை மட்டும். நீங்கள்தான் வளர்த்துவருகிறீர்கள், பள்ளி இங்கே, அப்பா ஒன்றரை வருடமாக வேறு ஊரில். பொறுப்பு உங்களிடம் இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. அதற்காக அப்பாவைப் பார்க்க விடாமல் செய்யாதீர்கள். இதை வக்கீலாக மட்டும் சொல்லவில்லை. கோபத்தில் குழந்தையின் போனைப் பிடுங்கி வைத்த பெற்றோரின் பிள்ளைகள் சமரச அறையில் எப்படி உட்கார்ந்திருப்பார்கள் என்று பார்த்திருக்கிறேன். “அப்பா பார்க்கலாம்” என்று பொதுவாக எழுதினால் ஒவ்வொரு லீவுக்கும் தகராறு வரும். கர்நாடகப் பள்ளிக்குத் தசரா விடுமுறை வரும் சமயமும் திருநெல்வேலியில் காலாண்டு விடுமுறை வரும் சமயமும் எப்போதும் ஒன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. பெங்களூரு பள்ளி நாட்காட்டிப்படி எந்த விடுமுறையில் எத்தனை நாள், யார் கொண்டுபோய் விடுவது, டிக்கெட் யார் செலவு, வாரத்தில் எந்த நாள் வீடியோ கால் என்பது வரை எழுதுங்கள். பின்னால் நிலைமை மாறினால் இந்த ஏற்பாட்டை மாற்றச் சொல்லிக் கோர்ட்டைக் கேட்கலாம்.

குழந்தையின் செலவுக்கு மாதம் இவ்வளவு என்று ஒரே தொகையை எழுதி விட்டுவிட்டால், அவள் பத்தாவது வரும்போது அது எதற்கும் போதாது. வருடத்துக்கு இத்தனை சதவீதம் உயர்வு என்று சேருங்கள். பள்ளிக் கட்டணத்தை அவரே நேராகப் பள்ளியில் கட்டச் சொல்லலாம். நீங்கள் சம்பாதிப்பதால் அப்பாவின் பொறுப்பு தீர்ந்துவிடாது. உங்கள் ஜீவனாம்சத்தை நீங்கள் வேண்டாம் என்று சொல்லலாம், அது உங்கள் முடிவு. குழந்தையின் உரிமையை அவள் சார்பில் விட்டுக்கொடுக்க உங்களுக்கே அதிகாரம் இல்லை. அப்பா வழிப் பூர்வீகச் சொத்தில் மகளுக்கு இருக்கும் பங்கும் விவாகரத்தால் போகாது. அப்படி ஒரு வாசகம் வரைவில் இருந்தால் அடித்துவிடுங்கள்.

பணம் எப்போது கைமாறுவது என்பதிலும் கவனம் வேண்டும். தீர்ப்பு வரும் வரை இருவரில் யார் வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். 1991-லிருந்து சட்டம் அப்படித்தான். அதனால் மனு போடும் நாளில் ஒரு பகுதி, கடைசி வாக்குமூலத்தன்று கோர்ட்டிலேயே டிமாண்ட் டிராஃப்டாக மீதி என்று வைத்துக்கொள்வார்கள். இரண்டு பக்கத்துக்கும் அதில்தான் பாதுகாப்பு. “தீர்ப்பு வந்த பிறகு தருகிறேன்” என்ற வாக்குறுதியை, யார் சொன்னாலும், ஏற்காதீர்கள்.

இதெல்லாம் உங்கள் இருவரால் நேரில் பேச முடியாத விஷயம் என்றால், அதே நியாய தேகுல கட்டடத்தில் இருக்கும் பெங்களூரு மத்தியஸ்த மையம் இருக்கிறது. குடும்ப வழக்குகளைக் கோர்ட்டே அங்கே அனுப்பும். மத்தியஸ்தர் தீர்ப்புச் சொல்ல மாட்டார். இருவரையும் தனித்தனியாகவும் சேர்த்தும் உட்கார வைத்துப் பேசுவார். அங்கே சொன்னதைக் கோர்ட்டில் சாட்சியமாகக் காட்ட முடியாது, அதனால் மனம் விட்டுப் பேசலாம். தமிழ் தெரிந்த மத்தியஸ்தர் வேண்டும் என்று கேளுங்கள். பெங்களூரில் அது பெரிய கோரிக்கை இல்லை.

மொழியைப் பற்றி இன்னும் கொஞ்சம். உங்கள் மனு ஆங்கிலத்தில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு பக்கத்தையும் வக்கீல் உங்களுக்குத் தமிழில் சொல்லி, உங்களுக்குப் புரிந்த பிறகே கையெழுத்து. வெற்றுத்தாளில் கையெழுத்து எந்த வக்கீல் கேட்டாலும் கிடையாது. வாக்குமூலத்தின்போது நீதிபதி கேட்பது எளிய கேள்விகள்தான்: சுய விருப்பத்தோடுதான் வந்தீர்களா, யாராவது கட்டாயப்படுத்தினார்களா, உடன்படிக்கை புரிந்ததா. பேச்சுக் கன்னடமே போதும். புரியாவிட்டால் புரியவில்லை என்று சொல்லுங்கள், மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். கல்யாணப் பத்திரிகை, தமிழில் உள்ள வாட்ஸ்அப் செய்திகள் போன்றவற்றை ஆவணமாகக் கொடுப்பதானால் மொழிபெயர்ப்பு இணைக்க வேண்டும். திருமணத்தைப் பதிவு செய்யாமல் இருந்திருந்தாலும் கவலை இல்லை. பத்திரிகையும் புகைப்படமும் சாட்சியும் கொண்டு நிரூபிக்கலாம்.

அவர் சம்மதத்துக்கு வராமல் இழுத்தடித்தால் அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. விவாகரத்து மனு இல்லாமலேயே, மகளுக்கும் உங்களுக்கும் ஜீவனாம்சம் கேட்டு பெங்களூரிலேயே மனு போடலாம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு என்பார்கள். 2024 ஜூலை முதல் அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவு. 2020-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பின்படி இருவரும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் சொல்ல வேண்டும். ஜீவனாம்சமும் மனு போட்ட நாளிலிருந்தே கணக்கு. உங்கள் சம்பளத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

கடிதத்தில் “சண்டை” என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். அதில் அடி இருந்ததா என்று எனக்குத் தெரியாது. இருந்திருந்தால் அதை உங்கள் வக்கீலிடம் மறைக்காதீர்கள்; குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாதுகாப்பு உத்தரவும் பண உதவியும் கேட்க வழி இருக்கிறது. இனி வாசலில் வந்து மிரட்டினால் 112, பெண்கள் உதவிக்கு 181. நடக்காததை நடந்ததாக எழுதி அவர் வீட்டார் மேல் போலீஸ் புகார் கொடுங்கள், உடனே வழிக்கு வருவார்கள் என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். அது தவறு, சமரசத்தின் கதவையும் அடைத்துவிடும்.

செலவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனசில் இருக்கும். வக்கீலிடம் முதல் நாளே மொத்தக் கட்டணம் எவ்வளவு, எந்தக் கட்டத்தில் எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்குங்கள். தனி வக்கீல் முடியாது என்றால், 1987-இன் சட்ட சேவைகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. சம்பளம் வாங்குபவர் என்பதற்காக உங்களை யாரும் திருப்பி அனுப்ப முடியாது. 15100 என்ற எண்ணுக்குப் பேசலாம், அல்லது நியாய தேகுலவில் இருக்கும் சட்ட சேவைகள் ஆணையத்துக்கு நேரில் போகலாம். ஆதார், கல்யாணப் பத்திரிகை, இரண்டு மூன்று கல்யாணப் படங்கள், வந்த நோட்டீஸ், வீட்டுப் பத்திரத்தின் நகல், கடன் கணக்கு அறிக்கை, மகளின் பிறப்புச் சான்றிதழ், கடைசி ஆறு மாதச் சம்பளச் சீட்டு இவ்வளவும் கொண்டு போங்கள்.

அம்மாவிடம் ஒன்று சொல்லுங்கள். கொலைக் கேஸ் நடக்கும் கோர்ட்டை நினைத்துக்கொண்டுதான் அவர் அழுகிறார். குடும்ப நீதிமன்றத்தில் குற்றவாளிக் கூண்டு கிடையாது. இந்து திருமணச் சட்டத்தின் 22-ஆம் பிரிவின்படி விசாரணை மூடிய அறையில் நடக்க வேண்டும். அங்கே நடந்ததைக் கோர்ட் அனுமதி இல்லாமல் பத்திரிகையில் போடுவதும் குற்றம். ஊருக்குத் தெரியவருவது நீங்கள் சொன்னால்தான்.

தீர்ப்பு வந்ததும் சான்றிட்ட நகல் இரண்டு மூன்று வாங்கி வையுங்கள். வங்கிக்கும், காத்தா மாற்றத்துக்கும், மகளின் பாஸ்போர்ட்டுக்கும் அதைத்தான் கேட்பார்கள். நோட்டீஸுக்குப் பதில் இந்த வாரமே போகட்டும்.

அன்புடன்,
பெங்களூரு குடும்ப நீதிமன்ற வழக்கறிஞர்